உப்பு கம்மி, எண்ணெய் கம்மி: இதய நோயாளியின் சாப்பாட்டைப் புரிந்துகொள்வது எப்படி?

மாரடைப்போ மூச்சுத்திணறலோ வந்து மருத்துவமனையில் படுத்து, தேறி வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். மாத்திரைகளின் பெயர், வேளை, அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் அதில் விரிவாக இருக்கும். சாப்பாட்டைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான்: உப்பும் கொழுப்பும் குறைத்த உணவு.

அந்த வரி சரியானதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்க முடியாது. இட்லிக்குச் சட்னி அரைக்கலாமா, மீன் குழம்பு வைக்கலாமா, இளநீர் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகம் வரும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். ஒருவர் தினமும் கீரை கொடுங்கள் என்பார். இன்னொருவர் கீரையைத் தொடவே கூடாது என்று எங்கள் டாக்டர் சொன்னார் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டு நோயாளிக்குச் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். பிறருக்குச் சொன்னதை நம் வீட்டு இலையில் வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இதய நோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பு வருவது ஒரு வகை. ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்த பேச்சு. இதயத் தசை பலவீனமாகி, ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்துபோவது இன்னொரு வகை. எக்கோ பரிசோதனைத் தாளில் இ.எஃப். என்று ஒரு எண் இருக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதன் அளவு அது. அந்த எண் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் இந்தப் பலவீனம் இருக்கிறது என்று பொருள். மூன்றாவது, வால்வுக் கோளாறு. சிறுவயதில் வந்த தொண்டைப்புண்ணின் பின்விளைவாக வால்வு கெட்டுப்போய், செயற்கை வால்வு பொருத்திக்கொண்டு வாழ்கிறவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் நிறைய பேர் இருக்கிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இவற்றில் எதனோடும் சேர்ந்து வரும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று ஒன்றாகவும் இருக்கும்.

அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன சாப்பிடலாம் என்பதல்ல. நமக்கு இருப்பது எந்தக் கோளாறு, எந்த மாத்திரை ஓடுகிறது என்பதுதான். அது தெரிந்தால் ஒவ்வொரு அறிவுரையும் எதற்காகச் சொல்லப்படுகிறது என்பது புரியும். காரணம் புரிந்த அறிவுரையைத்தான் வருஷக்கணக்கில் விடாமல் பின்பற்ற முடியும்.

உப்பு

உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். உடம்பில் சோடியம் கூடினால் அதற்கு ஈடாகத் தண்ணீரும் தங்கும், ரத்தத்தின் அளவும் அழுத்தமும் ஏறும். நல்ல இதயமும் நல்ல சிறுநீரகமும் இருந்தால் மிச்சத்தை வெளியேற்றிவிடும். தள்ளும் சக்தி குறைந்த இதயத்தால் அது முடியாது. மிஞ்சிய நீர் காலில் இறங்கி வீங்கும், நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்கும். திருவிழா, கல்யாணம் முடிந்த இரண்டு மூன்று நாளில் சிலர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தலைதட்டிய ஒரு சின்ன டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். இது குழம்பு, பொரியல், இட்லி மாவு, மோர், ஊறுகாய், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

வீட்டில் எவ்வளவு உப்பு செலவாகிறது என்று கண்டுபிடிக்கத் தராசு வேண்டாம், ஒரு காலண்டர் போதும். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், பாக்கெட் 50 நாள் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. மீன் கழுவுவதற்கு எடுக்கும் உப்பைத் தனியாக வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் சரியாக வரும். கடையிலிருந்து பொட்டலமாக வரும் உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்படிச் சேராமல் நிற்பதில் நம் ஊரில் முதல் இடம் கருவாட்டுக்கு. கடலூரில் திங்கட்கிழமை காராமணிக்குப்பம் சந்தைக்குப் போனால் கருவாட்டு வாசனையே வழிகாட்டும். உப்புப் போட்டுப் பதப்படுத்திய கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருப்பது சாதாரணம். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பச்சை மீன் விலை ஏறும், கை தானாகக் கருவாட்டுப் பக்கம் போகும். இதயம் பலவீனமாக உள்ளவர்கள் இந்த இரண்டு மாதம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முட்டை, பருப்பு, சுண்டல் என்று அந்த இடத்தை நிரப்பிக்கொள்வது நல்லது. சிறு நெத்திலியை உப்புப் போடாமல் வெறும் வெயிலில் காயவைத்தும் விற்பார்கள். கேட்டு வாங்கினால் அது எவ்வளவோ மேல்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் கூழ் நல்ல சாப்பாடு, அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கூடவே கொடுக்கும் கருவாட்டுக் குழம்பு, மோர் மிளகாய், ஊறுகாய் மூன்றும்தான் பிரச்சினை. கூழுக்குச் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்துக்கொண்டால் அந்த ருசியில் பெரிதாக எதையும் இழக்க மாட்டோம். பழைய சோற்றுக்கும் இதே கதைதான்.

அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். பஜ்ஜி மாவில் போடும் ஆப்பசோடாவும் அப்படியே. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் பன்னும் ரொட்டியும் ரஸ்க்கும் மென்மையான, கெடுதல் இல்லாத சாப்பாடு என்று நினைக்கிறோம். உப்பாகக் கரிக்காததால் ரொட்டியில் உப்பு இருப்பதே நாக்குக்குத் தெரிவதில்லை, ஆனால் இருக்கிறது. புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கும் நல்ல ரொட்டிக்கும் இது பொருந்தும். காலையில் ரொட்டிக்குப் பதில் இரண்டு இட்லியை எண்ணெய் அதிகமில்லாத சாம்பாரோடு சாப்பிடுவது மேல் என்பது என் கருத்து. இட்லி மாவில் போடும் உப்பு நம் கையில் இருக்கிறது, பேக்கரி உப்பு நம் கையில் இல்லை.

பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 100 கிராமுக்குச் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். 120க்குக் கீழே இருந்தால் குறைவு, 600க்கு மேல் இருந்தால் அதிகம். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். நூடுல்ஸ், சிப்ஸ், சூப் பொடி பலவும் இதில் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று ஒரு முறை பார்த்தால் போதும்.

இந்துப்பு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நிறம் வேறு, விலை வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். கல் உப்பும் அப்படித்தான். இதயத்துக்கு அதனால் சலுகை எதுவும் கிடையாது.

இனிச் சமையல். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உப்பைக் குறைத்தால் எல்லாமே சப்பென்று இருக்கும், இரண்டு நாளில் வெறுத்துவிடும். அதைவிட, சோற்றுக்கும் தோசைக்கு ஊற்றும் பருப்புக்கும் மோருக்கும் உப்பை விட்டுவிட்டு, குழம்பில் மட்டும் ஓரளவு போடுங்கள். வாய்க்குள் போகும்போது எல்லாம் ஒன்றாகத்தானே சேருகிறது. புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளி ஆகியவற்றின் புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மிளகும் சீரகமும் பூண்டும் வறுத்த மல்லியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நம் மீன் குழம்பு இதற்குத் தோதான பண்டம். புளியும் காரமும் அதில் முன்னால் நிற்கின்றன. சுண்ட வைத்த மறுநாள் குழம்பில் உப்பு கூடித் தெரியும், அப்போது கொஞ்சமாக ஊற்றிக்கொள்ள வேண்டும்.

நாக்குக்குச் சில வாரம் அவகாசம் கொடுங்கள். அதற்குள் குறைந்த உப்பு பழகிப்போகும், பிறகு ஹோட்டல் சாம்பார் கரிக்க ஆரம்பிக்கும்.

அதே சமயம் உப்பே இல்லாமல் சமைத்துக் கொடுக்கவும் வேண்டாம். அப்படிக் கொடுத்தால் நோயாளி பாதி சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார், உடம்பு இளைத்துத் தசையெல்லாம் கரைந்துபோகிறது. இதயத்துக்கு அதுவும் நல்லதல்ல. இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தின் தள்ளும் சக்தி குறைந்த நிலை, உள்ளவர்களிடம் சோடியத்தை நாளுக்கு 1,500 மில்லிகிராமுக்கும் கீழே இறக்கிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. ஆஸ்பத்திரியில் சேர்வதோ இறப்போ அதனால் குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. மருத்துவர் வேறு அளவு சொல்லாத வரை, 5 கிராம் என்ற எல்லைக்குள் ருசியாகச் சமைத்து, வயிறாரச் சாப்பிட வைப்பதுதான் குறி.

தண்ணீர்

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பது பொதுவாக நல்ல அறிவுரை. இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிற சிலருக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று அளவு சொல்வார்கள். சொல்லப்படாதவர்கள் தாங்களாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

அளவு சொல்லியிருந்தால் காபி, மோர், ரசம், கஞ்சி, கூழ் எல்லாமே அதில் சேரும். எளிய வழி: சொன்ன அளவுக்குக் காலையிலேயே பாட்டிலில் தண்ணீர் பிடித்து வையுங்கள். ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அன்றைக்குக் குடிக்க மிச்சம் இருப்பது.

கடலோர ஊர்களில் அக்னி நட்சத்திர வெயிலும் புழுக்கமும் சேரும்போது இந்தக் கட்டுப்பாடு கொடுமையாக இருக்கும். நீர் பிரிவதற்கான மாத்திரையும் ஓடும், வேர்வையும் கொட்டும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் அடுத்த ரிவியூ வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவையோ மாத்திரையையோ அவர் மாற்றிக் கொடுப்பார். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படித்தான்.

இப்படி நீர் கோத்துக்கொள்கிறவர்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருப்பது நல்லது. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் நின்று எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றாலும் அதே அர்த்தம். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

எண்ணெயும் கொழுப்பும்

அடைப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். அடைப்பில் படிவது எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால். ஆனால் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் செய்வது நம் கல்லீரலே. நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நெய், வெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு, தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்றவற்றில் அதிகம் இருக்கும் கொழுப்பு, ரத்தத்தில் எல்.டி.எல். ஏறுவதற்கு வழி செய்கிறது. அதனால்தான் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எண்ணெய்ப் பாக்கெட்டில் போடுவதில் பெரிய அர்த்தம் இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயில் உட்பட. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60க்கு மேல். பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் கீழோதான். இதய நோயாளிக்கு ஒரு நாள் முழுதுக்கும் சுமார் 13 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்பது எல்லை. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அது கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

கடலூர்ப் பக்கம் பல வீடுகளில் ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில்தான் அடுப்பில் ஓடுகிறது. கடலை எண்ணெய் விலைக்கு அதை விடுங்கள் என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்பது தெரியும். முதலில் அளவைக் குறைப்பதுதான் எல்லோராலும் முடிகிற காரியம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய், எல்லா வகையும் சேர்த்து, என்பது உணவு ஆலோசகர்கள் பலர் சொல்லும் கணக்கு. நாளைக்கு மூன்று டீஸ்பூன் ஆகிறது. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு டீஸ்பூனில் எடுத்து ஊற்ற ஆரம்பித்தாலே பாதி குறைந்துவிடும். அப்புறம், வீட்டில் நோயாளிக்கு மட்டுமாவது தாளிப்புக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சிறு பாட்டில் வாங்கி வைத்தால் செலவு பெரிதாக ஏறாது.

பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய வைப்பது வேறொரு கெடுதல். காயக் காய எண்ணெய் சிதைந்து வேண்டாத பொருள்கள் அதில் சேருகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வனஸ்பதி, பேக்கரிக் கொழுப்பு வழியாக வரும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. இருந்தாலும் சாயங்காலம் கடற்கரைச் சாலையிலோ வெள்ளிக் கடற்கரையிலோ வாங்கும் பஜ்ஜியின் எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே சுண்டல் விற்பார்கள், அதை வாங்குங்கள். நார்ச்சத்தும் புரதமும் அதில் இருக்கின்றன.

வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதற்கு நடுவில் தாராளமாகச் சொல்லக்கூடிய ஒன்று மீன். வாரத்துக்கு இரண்டு முறை மீன், அதிலும் எண்ணெய்ப்பசை உள்ள மீன், இதயத்துக்கு நல்லது. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவற்றில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. வஞ்சிரம் வாங்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் மலிவாகக் கிடைக்கும் மீன்தான் இந்த விஷயத்தில் முன்னால் நிற்கிறது. குழம்பாக வையுங்கள், வாழையிலையில் வைத்து வாட்டுங்கள். முழுக எண்ணெயில் பொரித்தால் வாங்கியதன் பலன் போய்விடும்.

பண்ருட்டி முந்திரி கொழுப்பு என்று பயந்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி கெடுதல் இல்லாத வகை. உப்பில்லாமல், நெய்யில் வறுக்காமல், ஒரு சிறு கைப்பிடி சாப்பிடலாம்.

பிரான்சின் லியோன் நகரில், ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. அதன் முழு முடிவுகள் 1999இல் வெளியாயின. காய், பழம், பயறு, மீன் கூட்டி, இறைச்சியையும் வெண்ணெயையும் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அடுத்த மாரடைப்பு வருவது பெருமளவு குறைந்திருந்தது. அவர்கள் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் நம் சந்தையில் கிடைக்காததல்ல.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே, பலருக்கு 55க்கும் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். சாப்பாடு மட்டும் அவ்வளவு தூரம் இறக்காது. ஸ்டேட்டின் மாத்திரை அதற்குத்தான். பத்தியமாகச் சாப்பிடுகிறேன், கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நார்மல் ஆனதே மாத்திரையும் சேர்ந்துதான்.

கீரை, இளநீர்: மாத்திரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை

செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை தருவார்கள். இவை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் செயல்படுகின்றன. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. ஒரு வாரம் கீரையே இல்லாமல் இருந்து, அடுத்த வாரம் தோட்டத்து முருங்கை துளிர்த்தது என்று தினமும் சாப்பிட்டால் மாத்திரையின் வேகம் குறைந்து வால்வில் ரத்தம் கட்டும். தினமும் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் ரத்தக்கசிவு வரலாம். ஆகவே கீரையை விலக்குவதல்ல, ஒரே சீராக வைத்துக்கொள்வதே விதி. வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அப்படியே. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மாத்திரை அளவை மருத்துவர் பொருத்திக்கொள்வார்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வேறு வகை. அவற்றுக்கும் கீரைக்கும் சண்டை இல்லை. வால்வு நோயாளிக்குச் சொன்னதைக் கேட்டு, ஸ்டென்ட் வைத்தவர் வருஷக்கணக்கில் கீரையை ஒதுக்கி வைப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அவருக்கு அது அவசியமான உணவு.

இளநீரும் இப்படித்தான். ஒரு இளநீரில் ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிட அதிகப் பொட்டாசியம் இருக்கிறது. ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை பிடித்து வைக்கும். ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் கொஞ்சம் ஏற்றும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இன்னும் ஏறும். ரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு இளநீர் குடியுங்கள் என்றும் மற்றவருக்குக் கூடாது என்றும் சொல்வது இதனால்தான்.

கடைகளில் ‘சோடியம் குறைத்த உப்பு’ என்று விற்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் உப்பைச் சேர்த்திருப்பார்கள். வெறும் பிரஷர் உள்ளவர்களுக்கு அது உதவும். மேலே சொன்ன மாத்திரைகள் ஓடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னும் சில

சர்க்கரை சேர்ந்திருந்தால் வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் கூட வேண்டும். தட்டில் பாதி காய் என்று வைத்துக்கொண்டால் சுலபம். பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடலாம். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதும், சாப்பிட்ட கையோடு வேகமாக நடப்பதும் ஆகாது.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று செல்போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் கஷாயம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. குழம்பில் பூண்டு போடுங்கள், அது வேறு. ஆனால் பூண்டுச் சாற்றைத் தினமும் நிறையக் குடிப்பது, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதையும் சொல்லாமல் விடக் கூடாது: ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு. எந்த அளவு மதுவும் இதயத்துக்கு நல்லதல்ல என்று உலக இதயக் கூட்டமைப்பு 2022இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடியால் இதயத் தசை பலவீனமானவர்கள் முழுதாக நிறுத்தினால் பலருக்கு அந்தத் தசை தேறுவதும் உண்டு.

நெஞ்சு எரிகிறது, வாயு அடைக்கிறது என்று நுரைக்கும் பொடியைக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதிலும் சோடியம் உண்டு. அதைவிட முக்கியமானது, ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சு அழுத்தம், வேர்வை, தோள் வலி வந்தால் அதை வாயு என்று நினைத்துச் சோம்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

வீட்டில் நடைமுறைக்குக் கொண்டுவருவது

நோயாளிக்குத் தனிச் சமையல் என்பது பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. சமைப்பவருக்கு இரட்டை வேலை. சாப்பிடுகிறவருக்கு, எதிரே மற்றவர்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் தண்டனை அனுபவிப்பது போல இருக்கும். வீடு முழுதும் உப்பையும் எண்ணெயையும் குறைப்பதே சரி. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிரஷரும் அடைப்பும் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அவர்களுக்கும் இது நல்லதுதான். இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்கிறவர் தன் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். சில வீடுகளில் நோயாளி பெண்ணாக இருந்தால் நிலைமை தலைகீழ். மற்ற எல்லோருக்கும் அவரே வழக்கம்போல் சமைத்துவிட்டு, மிஞ்சியதைத் தானும் சாப்பிடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் இதைக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

கல்யாண வீட்டில் சாப்பிட வேண்டி வந்தால் இலையின் மேல் பக்கத்தில் வைக்கும் ஊறுகாய், அப்பளம், சிப்ஸை மட்டும் தவிர்த்தாலே பெரிய பாரம் குறையும். அன்று ராத்திரிக்கு வீட்டில் உப்பில்லாத கஞ்சியோ மோர்ச் சோறோ போதும். ஒரு நாள் தவறினால் பத்தியம் குலைந்தது என்று விட்டுவிட வேண்டாம், அடுத்த வேளையிலிருந்து பழையபடி தொடரலாம்.

ஜிப்மருக்கோ வேறு எந்த ஆஸ்பத்திரிக்கோ ரிவியூ போகும் நாளில் சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எடை குறித்த நோட்டு, ஐ.என்.ஆர். தாள்கள், ஓடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை, நாட்டு மருந்து எடுத்தால் அதுவும் பையில் இருக்கட்டும். “டாக்டர், இவருக்கு இருக்கறது அடைப்பா, இதயம் பலவீனமா, வால்வா? தண்ணிக்கு அளவு உண்டா? கீரை, இளநீர் கொடுக்கலாமா?” என்று கேளுங்கள். கூட்டத்தில் டாக்டரிடம் கேட்க நேரம் கிடைக்காவிட்டால் உணவு ஆலோசகர் எங்கே உட்கார்கிறார் என்று நர்ஸிடம் விசாரித்து, நீங்கள் நேற்று மூன்று வேளையும் சாப்பிட்டதை அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரை மாற்றப்படும் ஒவ்வொரு முறையும், சளி காய்ச்சலுக்கு வேறு மருந்து சேரும்போதும், இதே கேள்விகளைத் திரும்பவும் கேட்க வேண்டும்.